நரஜங் போட்ட உருட்டல்

பாட்டு முடிந்துவிட்டது. ஜூனா எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டாள். அவளோடு ஆடிய சேர்மாயா மட்டும் எழவில்லை. குத்துக்காலிட்டபடி, கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் காற்றில் மெல்ல அலைந்துகொண்டிருந்தன.

மடியில் மாதல் என்ற சிறு மத்தளத்தை வைத்திருந்த நரஜங் அவளையே பார்த்தான். சேர்மாயா அவனுடைய ஒரே பெண்.

வைசாகப் பௌர்ணமிக்குச் சிறுமிகள்மேல் தெய்வத்தை ஏற்றுவது பாட்டும் மாதலும்தான். ஆடி முடிந்ததும் இறக்கிவிடுவதும் அவைதான். வழக்கமாக வாசிக்கிற தேக்ஜங் கல்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிக் கிடந்தான். போக்ரா நகரத்து ஹோட்டலில் வாசித்துவிட்டுத் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்த நரஜங்கை விட்டால் வேறு கை இல்லை.

"அடேயப்பா, ஹோட்டல் மாதல்காரர் வந்துட்டார்! நாம கைதட்டினாத்தான் வாசிப்பாரோ?" என்று தேக்ஜங் காலையிலேயே சீண்டினான்.

பாட்டை நடத்தும் பால்ஜித் குரு சிரிக்கவில்லை. "நரா, ஏறின வழியிலதான் இறங்கணும். உன் ஹோட்டல் வாசிப்பை இங்க கொண்டுவராதே."

"நான் என்ன பச்சப்புள்ளயா மாமா?"

பச்சைப்பிள்ளையாக இருந்திருந்தால் தேவலை. பழைய அடி என்பது ஓர் அடி, ஓர் இடைவெளி. மறுபடி ஓர் அடி, ஓர் இடைவெளி. நரஜங்குக்கு அந்த இடைவெளிதான் எமன். போக்ராவில் கை நின்றால் ஆட்கள் தட்டைப் பார்ப்பார்கள், இல்லை போனைப் பார்ப்பார்கள். அதனால் வலந்தலையிலும் இடந்தலையிலும் விரல்களை ஓடவிட்டு எல்லா இடைவெளியையும் நிரப்பியே பழகிய கை. இங்கேயும் வெகுநேரம் அடக்கித்தான் பார்த்தான். ஜூனாவுக்குத் தெய்வம் ஏறிவிட்டது. சேர்மாயாவின் தலை சாயத் தொடங்கிய நேரம், கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். கை தாங்கவில்லை. ஓர் உருட்டலைப் போட்டுவிட்டான். குரு முறைத்தார். இவன் பல்லைக் காட்டினான்.

அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க இப்போது அவனுக்கு உடம்பு கூசியது.

குரு இறக்கும் பாட்டை மறுபடி எடுத்தார். நரஜங் மயிரிழை பிசகாமல் பழைய அடியை வாசித்தான். சேர்மாயா அசையவில்லை. இன்னொரு தரம் பாடினார்கள். அவள் உதடு வெளுத்துக்கொண்டே போனது.

மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த மன்சரா நிமிர்ந்தாள். "காலு சில்லுனு இருக்கு. ஏய், உன்னைத்தான்! எம்புள்ளய இறக்கு!"

"வாசிக்கறேன்ல…"

"பொழுது சாயறதுக்குள்ள இறங்கலேன்னா…" என்று பின்னால் ஒரு கிழவி தொடங்கினாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். வெயில் ஏற்கெனவே எதிர்மலைக்குப் போயிருந்தது.

குரு பாட்டை நிறுத்தினார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் நரஜங்குக்குக் கொஞ்சநஞ்சத் தைரியமும் போயிற்று.

"ஜூனா பழைய அடியில ஏறினா, அதுலயே இறங்கிட்டா. இவ ஏறினது உன் அடியில, நரா. அதையே வாசி."

"எதை மாமா?"

"நடுவுல போட்டுட்டு இளிச்சியே, அதை."

நரஜங் கையைத் தூக்கினான். ஒன்றும் வரவில்லை. ஒரு தடவை வாசித்ததை மறு தடவை வாசிக்க மாட்டான் என்பதுதான் போக்ராவில் அவனுக்குப் பேர். அவனும் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டவன்தான். குத்துமதிப்பாக ஓர் உருட்டலைப் போட்டான். சேர்மாயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலை இன்னும் கீழே போனது. மன்சரா அலறினாள்.

"தெரியல மாமா. சத்தியமா எனக்குத் தெரியல." அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தான். காற்றில் அலைந்த அவள் கைகளைப் பார்த்தான். சும்மா அலையவில்லை அவை. வலது கை ஒரு தட்டு, இடது விரல்கள் ஓடி ஒரு நொடிப்பு, மறுபடி வலது. திரும்பத் திரும்ப அதேதான். அவன் போட்டுவிட்டு மறந்த உருட்டலை அவள் இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் பேசாதீங்க," என்றான்.

அவள் விரலைப் பார்த்தபடி வாசித்தான். முதலில் தப்பியது. பிறகு பிடி கிடைத்தது. அவள் கையும் அவன் கையும் ஒன்றாகச் சேர்ந்தபோது அவள் மூச்சு பெரிதாக வந்தது. பதறாதே, பதறாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உருட்டலைத் தளர்த்தினான். ஒவ்வொரு விரலாகக் குறைத்தான். அவள் விரல்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசியில் பழைய அடி மட்டும் மிஞ்சியது.

அதை அடித்துவிட்டுக் கையைத் தூக்கினான். இனி இடைவெளி.

வாழ்நாளில் இவ்வளவு நீளமான இடைவெளியை அவன் கண்டதில்லை. கை துடித்தது. ஒரு விரல் தவறி விழுந்தால் பிள்ளை போய்விடுவாள் என்ற பயத்தில் மூச்சைக்கூட விடாமல் இருந்தான். சேர்மாயாவின் கைகள் மடியில் விழுந்தன. இமை அசைந்தது.

"அம்மா, பசிக்குது," என்றாள்.

மன்சரா மகளை வாரி அணைத்துக்கொண்டாள். குரு தரையில் விழுந்து கும்பிட்டார். கூட்டம் சத்தம் போட்டது. நரஜங்கின் கை மட்டும் தூக்கியபடியே காற்றில் நின்றது. "போதும், அவ வந்துட்டா," என்று மன்சராதான் அதைப் பிடித்து இறக்கினாள்.