கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மாப்பிள்ளை

மீன் வந்து ஐந்து நாளாகியும் சாப்பிடவில்லை.

கடுகளவு தீனி உருண்டை ஒன்றைச் சுண்டுவிரல் நுனியில் ஒட்டி எடுத்துத் தண்ணீரின் மேல் மெல்ல வைத்தாள் தங்கை. உருண்டை மிதந்தது. நீலமும் ஊதாவும் கலந்த அந்த ஃபைட்டர் மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவுளை விரித்து, வாலை முந்தானை மாதிரி வீசி, தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் விறைப்பாக நடைபோட்டது.

"புது மாப்பிள்ளை! பந்தா பண்ணத் தெரியுது, சாப்பிடத் தெரியல" என்றாள் அக்கா, வங்கியில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் அம்மா ஒருவரின் தலையில் சாயம் பூசியபடி.

"பசிச்சா தானா சாப்பிடும், விடுங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா என்ன அழகு! கண்ணாடியில தன்னையே பாத்து ரசிக்குது பாருங்க. நம்ம ஜாதி!"

பார்லரே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

அவள் கவலை அவளுக்கு. சனிக்கிழமை அக்கா ஊருக்குக் கிளம்புகிறாள். மகளுக்குப் பிரசவம், திரும்பி வர மூன்று மாதமாகும். அதுவரை பார்லரைப் பூட்டிவிடுவதா, தங்கையிடம் விட்டுப் போவதா என்று அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு நாற்காலியாக வாங்கிப் போட்டு வளர்த்த இடம். தங்கையோ தையல் வகுப்பைப் பாதியில் விட்டவள், டிராவல்ஸ் ஆபீஸ் வேலையை இரண்டே மாதத்தில் உதறியவள். இங்கே வந்து ஒரு வருடமாகிறது. இந்த வேலை மட்டும் அவளுக்கு ஏனோ பிடித்துப்போயிருந்தது. அதை அக்காவிடம் சொன்னால் நம்ப வேண்டுமே.

"ஒரு மீனுக்கு ஊட்டத் தெரியல, இவ கடையைப் பாத்துக்கப் போறாளாம்."

"சாப்பிடறதும் சாப்பிடாததும் அது இஷ்டம்க்கா."

"ஆமா, நாளைக்குக் கஸ்டமர் வரலைன்னாலும் அது அவங்க இஷ்டம்னு காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்ப."

மீனை விற்ற கடைக்காரர் சொன்னதை எல்லாம் தங்கை ஒன்று விடாமல் செய்திருந்தாள். குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து, குளோரினை நீக்கும் சொட்டு மருந்தும் கலந்தாள். மீன் இருந்த பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, அதன் பிறகே திறந்தாள். ஏசி காற்று படாத மூலையாகத் தேடினாள். மறுபடி அவருக்கே போன் போட்டாள்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கா?"

"இல்லண்ணா."

"பக்கத்துல வேற மீன் எதாச்சும்? பாத்தா சண்டைக்கு நிக்கும்."

"ஒண்ணுகூட இல்ல."

"எங்க வச்சிருக்கீங்க?"

"மேஜை மேல."

"அப்ப சாப்பிட்டுடும்மா. புது இடம், ரெண்டு நாள் பிகு பண்ணும்."

அவள் பொய் சொல்லவில்லை. மேஜை மேல்தான் வைத்திருந்தாள். மேஜைக்கு முன்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடி, பின்னால் இன்னொன்று என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. பார்லரில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண்ணாடி என்பது ஒரு பொருளே அல்ல, அது சுவர்.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. அக்கா பயணத்துக்கு ஏதோ வாங்க வெளியே போயிருந்தாள். தங்கை தலை அலசும் நாற்காலியில் சாய்ந்து, பேசினின் பள்ளத்தில் கழுத்தை வைத்தாள். கூரையில் மழை. கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் பொட்டு.

கண் சொருகியது. தரையிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி, நாற்காலிகளைத் தாண்டி, விளக்கைத் தொட்டது. அவளுக்கு மூச்சு முட்டவில்லை. கூந்தல் மட்டும் பாசி போல மிதந்தது. கண்ணாடிச் சட்டங்கள் எல்லாம் வாசல்களாகத் திறந்தன. வாசலுக்குப் பின்னால் வாசல், முடிவே இல்லாத தெரு. ஒவ்வொரு வாசலிலும் அவளே நின்றாள். அவள் ஒரு எட்டு வைத்தால் அத்தனை பேரும் ஒரு எட்டு வைத்தார்கள்; அவள் முறைத்தால் அத்தனை பேரும் முறைத்தார்கள். எங்கிருந்தோ அக்காவின் கை ஒரு தட்டை நீட்டியது. "சாப்பிடு." எப்படிச் சாப்பிடுவாள்? குனிந்தால் பின்னால் நிற்பவள் பாய்ந்துவிடுவாளே!

விழித்தபோது கழுத்து வலித்தது. தண்ணீர் இல்லை, மழை மட்டும் இருந்தது. எதிரே மீன் இன்னும் செவுளை விரித்தபடி நின்றது.

"அட பாவி, நீ ரசிக்கலையா? அஞ்சு நாளா சண்டையா போட்டுக்கிட்டிருக்க?"

தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி, தளும்பாமல், டவல் உலர்த்தும் பின்னறைக்குக் கொண்டுபோனாள். அங்கே ஈர டவலும் வெந்நீர் ஹீட்டரும்தான். மருந்துக்குக்கூட ஒரு கண்ணாடி கிடையாது.

அக்கா திரும்பி வந்ததும் சத்தம் போட்டாள். "கடைக்கே களையா இருந்துச்சு. அதைக் கொண்டுபோய் அழுக்குத் துணியோட வச்சிருக்க!"

"எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரி நிக்கிறான்க்கா. அது எப்படிச் சாப்பிடும்?"

"எந்த எதிரி?"

"கண்ணாடியில இருக்கறவன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மழையில நனைஞ்சியா என்ன?"

மறுநாள் வெள்ளிக்கிழமை நிலைமை இன்னும் மோசமாயிற்று. மீன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வால் சுருங்கி, நிறம் மங்கி, பழைய ரிப்பன் துண்டு போலக் கிடந்தது. உருண்டை ஊறி உடைந்தது. அதை ஸ்பூனால் எடுத்துக் கொட்டினாள் தங்கை.

"பாத்தியா, உயிரோட இருந்ததையும் படுக்க வச்சுட்ட" என்றாள் அக்கா. "பேசாம பழைய இடத்துக்கே தூக்கிட்டு வா. அங்க ஆடிக்கிட்டாவது இருந்துச்சு."

ஒருவேளை அக்கா சொல்வதுதான் சரியோ? தங்கை தொட்டியின் இரு பக்கமும் கை வைத்தாள். உள்ளே மீனின் செவுள் மெல்ல, ஒரே சீராக, மூடித் திறந்தது. அது இளைத்துக் கிடக்கவில்லை. அசந்து தூங்குகிற மாதிரி இருந்தது.

கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்க்கா. அது களைச்சுப் போயிருக்கு. தூங்கட்டும்."

"செத்துப்போச்சுன்னா?"

"என் தப்புதான். நானே ஒத்துக்கறேன்."

இப்படி ஒரு வார்த்தையை அவளிடமிருந்து அக்கா இதுவரை கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை. வாசலில் பெட்டிகள். ஹீட்டரை அணைத்தாயிற்றா என்று பார்க்கப் பின்னறைக்கு வந்த அக்கா கதவருகிலேயே நின்றுவிட்டாள். தொங்கும் வெள்ளை டவல்கள் வழியாக வெயில் பால் போல வடிந்துகொண்டிருந்தது. தங்கை தொட்டியின் முன் முழங்காலிட்டிருந்தாள். ஒரு உருண்டை மிதந்தது.

மீன் எழுந்தது. அவசரமே இல்லை. வால் புகை போல அவிழ்ந்தது. உருண்டைக்குக் கீழே வந்து நின்று பார்த்தது. படக்கென்று விழுங்கியது. உடனே துப்பியது.

"அய்யோ" என்றாள் அக்கா, தன்னை அறியாமல்.

மீன் மறுபடி கவ்வியது. இந்த முறை துப்பவில்லை.

தங்கை இன்னொன்று வைத்தாள். அதுவும் போயிற்று. பிறகு டப்பாவை மூடினாள். மீன் மேலே வந்து அவள் விரலையே பார்த்தது.

"ஏண்டி மூடிட்ட? கேக்குது பாரு, இன்னும் ஒண்ணு போடு" என்றாள் அக்கா. இத்தனை நாளாகக் கேலி செய்த வாயா அது!

"ம்ஹூம். அதோட வயிறு அது கண்ணு அளவுதான். இத்தனை நாள் பட்டினி வேற. சாயங்காலம் பாக்கலாம்."

"பாவம்டி, ஒண்ணே ஒண்ணு."

"நீ கேட்டாலும் இல்ல, அது கேட்டாலும் இல்லக்கா."

வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. அக்கா உடனே கிளம்பவில்லை; ஒரு டவலை இறக்கி, மடித்து, தங்கையின் மடியில் வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பல் டாக்டரம்மா வருவாங்க. முடியைக் குட்டையா வெட்டுன்னு அடம் பிடிப்பாங்க. வெட்டிடாத, அப்புறம் உக்காந்து அழுவாங்க."

"எவ்வளவு வெட்டட்டும்?"

"அதையும் நான்தான் சொல்லணுமா?" என்றபடி அக்கா வாசலுக்கு நடந்தாள்.