இடது பக்கப் பின்கதவு

டூத் பிரஷ் வாங்குவதற்கே நாற்பது பேரின் கருத்தைப் படிக்கிறவன், பதினான்கு வயதுச் சிவப்புக் காருக்குப் பாலிஷ் வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டதில் பல் டாக்டருக்கு ஒரு வியப்பும் இல்லை. அந்த மூன்று மாதமும் அவள் நிம்மதியாக இருந்தாள். படிக்கட்டும், படித்துக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணவன் படித்து முடித்துவிட்டான்.

கார் நிற்கும் இடத்தில் பழைய போர்வையை விரித்து, புட்டிகளைப் பரப்பி வைத்திருந்தான். கீறலைத் தேய்த்து எடுக்கும் காம்பவுண்ட் இரண்டு, பாலிஷ் ஒன்று, வாக்ஸ் ஒரு டப்பா, புத்தம் புது வெள்ளைத் துணிகள் ஒரு டஜன். தன் கிளினிக்கில்கூட இவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"முதல்ல காம்பவுண்ட். அப்புறம் பாலிஷ். கடைசியா வாக்ஸ்."

"வாக்ஸ் மட்டும் போதுமே. எதுக்குச் சும்மா தேய்ச்சுக்கிட்டு? பல்லுலகூட நாங்க எடுத்த எடுப்பிலேயே சுரண்ட மாட்டோம்."

"போன வாரம் என் பல்லை மட்டும் எடுத்த எடுப்பிலேயே சுரண்டினியே."

"அது பல்லு இல்ல. காபிக்கறை."

அவள் கவலை வாக்ஸைப் பற்றியதல்ல, இடது பக்கப் பின்கதவைப் பற்றியது. எட்டு மாதத்துக்கு முன், கணவன் வெளியூர் போயிருந்த வாரத்தில், கிளினிக்கின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் ஒரு தூண் வந்து அந்தக் கதவில் மோதியது. அவள் அப்படித்தான் நினைத்துக்கொள்வாள்: தூண்தான் வந்தது. ஒரு பெயின்டர் இரண்டே நாளில் ஒடுக்கெடுத்து, அதே சிவப்பை அடித்துக் கொடுத்தான். அச்சகத்தில் பிழைதிருத்துபவனான கணவன், முந்நூறு பக்கத்தில் இடம் மாறிய ஒரு காற்புள்ளியைப் பிடித்துவிடுவான். கதவை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

அப்பாவிடமிருந்து கார் கைக்கு வந்த அன்றே அவன் ஒரு சட்டம் போட்டிருந்தான். வேறு பெயின்ட் ஒரு சொட்டுகூடப் படாத கார் இது; அதைக் கெடுக்கிறவர் யாரானாலும் மறுநாளிலிருந்து பஸ். கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் காரில் போகும் அந்த இருபத்தைந்து நிமிடம் அவளுடையது. கண்ணாடியை இறக்கிவிட்டு, யார் கேட்டால் என்ன என்று, சுருதியே சேராமல் உரக்கப் பாடிக்கொண்டு போவாள். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவள் தன் வாயைத் திறப்பது அங்கே மட்டும்தான்.

கேட் கிறீச்சிட்டது. வெள்ளைச் சட்டையில் மாமனார் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என்னப்பா, சொல்லாம கொள்ளாம?"

"நேத்து போன்ல காம்பவுண்ட்னியே, அதான் முதல் பஸ்ஸைப் பிடிச்சேன். டேய், வயசான காரை அப்படியெல்லாம் தேய்க்கக் கூடாதுடா. வாக்ஸ் போதும்."

"பாத்தீங்களா, மாமாவே சொல்றார்!" என்றாள் அவள், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" கணவன் பானெட்டில் கொஞ்சம் காம்பவுண்டை விட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தான். பிறகு துணியை உயர்த்திக் காட்டினான். "பாருங்க. வெள்ளை வெளேர்னு இருக்கா? கம்பெனி பெயின்ட். கலருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். எவனாவது வெளியில அடிச்சிருந்தா பூச்சு இருக்காது, துணி சிவந்துடும். ஆனா நம்ம கார்ல அந்தப் பேச்சே கிடையாது."

பல் டாக்டர் இடது பக்கப் பின்கதவைப் பார்த்தாள். அந்தப் பெயின்டர் மேலே ஏதாவது பூச்சு அடித்தானா? அவள் கேட்கவே இல்லை.

"பின்கதவு ரெண்டும் நான்."

"டிக்கி நான்," என்றார் மாமனார் அதே வேகத்தில்.

இவர்களுக்குத் திடீரென்று வந்த சுறுசுறுப்பைக் கண்டு கணவன் நெகிழ்ந்தே போனான்.

அவள் கதவின் முன் குந்தி, துணி படாமல் காற்றில் வட்டம் போட்டாள். கணவன் விடுவதாயில்லை. "யாருக்கு விசிறி விடறே?" என்று கேட்டு, அவள் துணியில் தானே காம்பவுண்டை வைத்துவிட்டு முன்பக்கம் போனான். வேறு வழியின்றி அவள் நான்கு தடவை தேய்த்தாள். துணியைத் திருப்பினாள். வெற்றிலை போட்ட வாயைத் துடைத்ததுபோல் இருந்தது.

அதைச் சுருட்டிக்கொண்டு, பின்புறம் இருந்த வாளியை நோக்கிக் குனிந்தபடியே நகர்ந்தாள். டிக்கிக்குப் பின்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு துணி. அதுவும் சிவப்பு. அதைச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்ப, மாமா?" என்று கிசுகிசுத்தாள்.

"பதினோரு வருஷம் ஆச்சு. ரிவர்ஸ். தண்ணி லாரி." அவர் அவள் துணியைப் பார்த்தார். "உனக்கு?"

"எட்டு மாசம். தூண்."

"எந்தப் பக்கம்?" எட்டிப் பார்த்தார். "அட, கோடே தெரியல. உன் பெயின்டர் கைகாரன்மா. நம்பர் குடு."

"மாமா, அவருக்குத் தெரிஞ்சா எனக்கு பஸ்தான்."

"உனக்கு பஸ். எனக்கு மானம். வாயைத் திறக்காதே, நானும் திறக்கல."

"என்ன குசுகுசு?" கணவன் வந்து நின்றான். ஒரு நொடி கழித்து அலறினான். "அப்பா! ரத்தம்! நெஞ்சுல ரத்தம்!"

ஈரத் துணியின் சிவப்பு சட்டைப் பையைத் தாண்டி, இதயம் இருக்கும் இடத்தில் பூப்பூவாகப் பரவிக்கொண்டிருந்தது. மகன் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டான். மாமனார் வேறு வழி தெரியாமல் பையிலிருந்து துணியை உருவி நீட்டினார்.

"கத்தாதே. எனக்கு ஒண்ணும் இல்ல. டிக்கிக்குத்தான்."

கணவன் துணியைப் பார்த்தான், டிக்கியைப் பார்த்தான், கடைசியில் அப்பாவைப் பார்த்தான். முகம் சுருங்கிப்போனது. அவனை அப்படித் தனியாக ஏமாந்து நிற்கவிட அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டுப் பாடும் அந்த இருபத்தைந்து நிமிடத்தை நினைத்துக்கொண்டாள். தன் துணியையும் எடுத்து, கழுவாமலே, அவன் கையில் வைத்தாள்.

"இது பின்கதவு. இடது பக்கம். நான்தான்."

அவன் இரண்டு துணிகளையும் வாளியில் போட்டான். புதுத் துணி ஒன்றை எடுத்து, காரைச் சுற்றி ஒவ்வொரு தகடாகத் தேய்த்துக்கொண்டே போனான். கூரை வெள்ளை. வலது பக்கக் கதவுகள் வெள்ளை. வலது முன் மட்கார்டு... சிவப்பு.

"இது யாரு?"

"நான் இல்ல," என்றார் மாமனார்.

"சத்தியமா நான் இல்லை," என்றாள் அவள்.

"நான் கண்டிப்பா இல்ல!" என்றான் கணவன்.

ஆம்புலன்ஸுக்காக எடுத்த போன் இன்னும் கணவனின் இடது கையிலேயே இருந்தது. மாமனார் அதை வாங்கித் தன் வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"நம்ம கார் மட்கார்டுல எப்பவாவது பெயின்ட் அடிச்சமா?"

"டிக்கியா?" என்றது மாமியாரின் குரல்.

"டிக்கி உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். இப்ப எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"வலது. முன்னாடி."

"அப்ப அது நான்."

மூவரும் போனையே பார்த்தார்கள்.

"உனக்கு எங்கடி கார் ஓட்டத் தெரியும்?"

"நீங்க மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குவீங்க. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் சொல்லிக் குடுத்தா. லைசென்ஸ்கூட இருக்கு, தையல் மெஷின் டிராயர்ல."

"அம்மா," என்றான் கணவன், "அப்படின்னா இந்தக் குடும்பத்துல காரை எங்கயும் இடிக்காதவன் நான் ஒருத்தன்தானா?"

"நீ எங்கடா ஓட்டினே? துடைச்சுக்கிட்டுதானே இருந்தே."

முதலில் சிரித்தது மாமனார். பல் டாக்டர் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கணவன் போர்வையில் உட்கார்ந்து, காம்பவுண்ட் புட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திருகி மூடினான்.

"டாக்டரம்மா, பல்லா இருந்தா இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"எனாமல் போன பல்லை மேல மேல தேய்க்க மாட்டோம். மேல ஒரு பூச்சு போட்டு, பத்திரமா வெச்சுக்குவோம்."

அவன் வாக்ஸ் டப்பாவைத் திறந்தான். கால் மணி நேரத்தில் மூவரும் கையாலேயே கார் முழுக்கப் பூசிவிட்டார்கள். சிவப்பு மறைந்து, மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடிபோலக் கார் வெளிறி நின்றது. இனி அது காய வேண்டும், பிறகு துடைக்க வேண்டும்.

அதற்குள் மாமியார் மறுபடியும் கூப்பிட்டார். தானும் வருகிறாராம். பஸ்ஸில் வர மாட்டாராம். மருமகள் வந்து கூட்டிப் போகட்டுமாம், திரும்பும்போது தானே ஓட்டுவாராம்.

கணவன் பையிலிருந்து சாவியை எடுத்தான். அதில் பட்ட வாக்ஸை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தான். பிறகு அதை மனைவியிடம் நீட்டினான்.

கார் கேட்டைத் தாண்டும்போது அவன் பின்னாலேயே ஓடிவந்தான். "வாக்ஸ்! இருபது நிமிஷம் காயணும்!"

"போற வழியில காஞ்சுடும்!" என்று கத்திவிட்டு, அவள் மிச்சக் கண்ணாடியையும் இறக்கினாள்.