நாலு கம்பிக்கும் ஒரே இழுப்பு

“மிச்ச ரெண்டு கம்பி எங்கம்மா?” என்று கேட்டேன்.

கடைப்பெண் சிரிக்கவில்லை. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ. “இதுக்கு நாலுதான் சார். இது பேஸ் கிட்டார், கனத்த சத்தம் வரும்” என்றாள். நாங்கள் வந்தது சாதாரண கிட்டார் வாங்க. அவளும் பாவம், முக்கால் மணி நேரமாக ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறக்கி வாசித்துக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள். ஏழு மாதத்துக்கு முன் அவளுக்கு மூளையில் இரத்தக் குழாய் அடைத்து, அது வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. அதிலிருந்து கீச்சென்ற சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாது. தட்டில் கரண்டி விழுந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்வாள். சரி, கிளம்பலாம் என்று நான் எழுந்தபோதுதான் கடை மூலையில் ஒரு வாடிக்கையாளர் இந்த நாலு கம்பிக்காரனை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தார். சத்தம் காதுக்கு வருவதற்கு முன் பாதத்துக்கு வந்தது. திரும்பிப் பார்க்கிறேன், டீச்சரின் இடது கை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் என்றால் என் மனைவிதான். இருபத்தாறு வருடம் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். கல்யாணமான புதிதில் கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. நாற்காலியோடு அவளை ஒலிப்பெட்டியின் பக்கத்தில் நகர்த்தினேன். அவள் இடது உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. எடுக்கவே இல்லை. “இதையே குடும்மா” என்றேன்.

“யாரு சார் கத்துக்கப் போறாங்க?”

“நான்தான்.”

என் கையைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்த கை. விரல்கள் தடிமனாக இருக்கும், நீளமாக இருக்காது. முதலில் கொடுத்த கிட்டாரில் கழுத்தின் கடைசிக்கு எட்டுவதற்குள் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஐந்து கம்பி வைத்த ஒன்றையும் காட்டினாள். நாலையே சமாளிப்போமா என்று தெரியாது, ஐந்தாவது எதற்கு என்று விட்டுவிட்டேன். கடைசியில் குட்டைக் கழுத்துள்ள ஒன்று, மங்கலான பச்சை நிறம், மடியில் அடக்கமாக உட்கார்ந்தது. வீட்டுக்குப் போதும் என்று சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். அதிலும் ஆழமான சத்தம் வருகிற பெட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அவள் நல்ல மனசு. ஒரு ஒயர், தோள்வார். பிறகு கிட்டாரின் கழுத்தில் மாட்டுகிற விரலளவு ட்யூனர். கம்பி சுருதியில் இருக்கிறதா என்று அது காட்டுமாம்.

“அது வேணாம். கயிறு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு விரலே சொல்லிடும்மா. அதான் என் தொழிலே” என்றேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என் தலைமுடியின் நரைக்கு மரியாதை கொடுத்து அதை மேஜைக்குள் திரும்ப வைத்துவிட்டாள். ஆரம்பப் பாடமாக எட்டு சுரத்தில் ஒரு சின்ன மெட்டைச் சொல்லிக்கொடுத்தாள். தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பி வரை ஏறிப் பிறகு இறங்கும். எனக்கு மண்டையில் ஏறுவதற்குள் இருபது தடவையாவது வாசித்திருப்பாள். இருபது தடவையும் டீச்சரின் கை அந்தப் பெட்டியின் மேல்தான் இருந்தது.

ஏன் இந்தக் கூத்து என்று சொல்லிவிடுகிறேன். வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிற பேச்சுப் பயிற்சிக்காரிதான் யோசனை சொன்னாள். பேச வராத சிலருக்கு வார்த்தை ராகத்தோடு சேர்ந்து வருமாம், வீட்டில் ஏதாவது வாத்தியம் இருந்தால் நல்லதாம். அதோடு நிறுத்தவில்லை. “அவங்க முயற்சியே பண்றதில்ல சார். வாயைத் திறந்தாத்தானே நான் ஏதாவது செய்ய முடியும்? இப்படியே விட்டா இதுவே பழகிடும்” என்றாள். என்னிடம் தனியாகச் சொல்வதாக நினைத்து வாசலில் வைத்துச் சொன்னாள். உள்ளே கேட்டிருக்கும். டீச்சருக்குக் காது நன்றாகவே இருக்கிறது.

அந்த வாயை மூட வைத்தவன் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு மாதம் டீச்சர் தட்டுத் தடுமாறி ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் காலை, மேஜையில் எதையோ தேடியபடி “ஏணி, ஏணி” என்றாள். மூக்குக் கண்ணாடியைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு எதையும் விளையாட்டாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயமாக இருக்கும். பின்கட்டிலிருந்து நிஜ ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தி, “இந்தாங்க டீச்சர், ஏறுங்க” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். நான் மட்டும் சிரித்தேன். அவள் ஏணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாக உதட்டை மூடிக்கொண்டாள். ஐந்து மாதமாகத் திறக்கவில்லை. எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன் என்று கணக்கில்லை. தலையை ஆட்டுவாள், கையைத் தட்டிக் கொடுப்பாள், அவ்வளவுதான். மகளுக்கு இந்தக் கதை தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கிற அவள் போனில், “அம்மாவுக்குப் பேச்சு வரணும்னா நீங்க எதுக்குப்பா மியூசிக் பேண்ட் ஆரம்பிக்கிறீங்க?” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பெட்டியை டீச்சர் பக்கத்தில் வைத்தேன். அவள் கை தானாக அதன் மேல் போனது. கிட்டாரை மடியில் எடுத்துக் கம்பிகளை நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. ஒரு கம்பி தொளதொளவென்று அமுங்குகிறது, இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கிறது. நாலும் நாலு விதம்.

லிஃப்டில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. நாலு கயிறு ஒரு கூண்டைத் தூக்குகிறது என்றால் நாலுக்கும் இழுப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பங்குச் சுமையை மற்ற மூன்றும் சுமக்கும். கயிறு ஓடுகிற சக்கரம் ஒருபக்கமாகத் தேயும். கூண்டின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு கயிற்றையும் கையால் இழுத்துப் பார்த்துச் சரி செய்வதில் என்னை அடிக்க எங்கள் கம்பெனியில் ஆள் கிடையாது. கடைப்பெண் சின்னப் பெண், அவளுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். திருகாணிகளைப் பிடித்துத் தடித்த கம்பியை இறுக்கினேன், மெல்லியதைத் தளர்த்தினேன், அழுத்திப் பார்த்தேன், மறுபடி திருகினேன். இருபது நிமிடத்தில் நாலும் ஒரே மாதிரி அமுங்கின. கன கச்சிதம். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

ஸ்விட்சைப் போட்டு மெட்டை வாசித்தேன்.

முதல் சுரம் ஏதோ முனகியது. இரண்டாவது அதோடு சண்டைக்குப் போனது. மெல்லிய கம்பிக்கு வந்தபோது, ஏற வேண்டிய மெட்டு படியில் கால் தவறியவன்போலப் பொத்தென்று கீழே விழுந்தது. என் விரல்தான் இடம் மாறிவிட்டது என்று நினைத்து, குனிந்து இன்னும் கவனமாக வாசித்தேன். அதே கண்றாவி. மூன்றாம் முறை அந்த மெல்லிய கம்பியைத் தட்டியபோது,

“தப்பு.”

நான் நிமிரவில்லை. வானொலியோ, பக்கத்து வீடோ என்றுதான் முதலில் நினைத்தேன். கை கம்பியிலேயே நின்றுவிட்டது.

“தப்பு” என்றாள் டீச்சர் மறுபடியும். குழறல் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்தத் தோரணை அப்படியே இருந்தது. இருபத்தாறு வருடம், ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் இந்த வார்த்தையை. எல்லாம் அடித்துக்கொண்டு போனபோதும் இது மட்டும் எங்கோ ஓரமாகத் தங்கியிருக்கிறது. அவள் புருவம் நெரிந்திருந்தது. என்மேல் நிஜமான எரிச்சல். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள் நிறுத்திவிடுவாள், சிரித்தாலோ கேட்கவே வேண்டாம். அதனால் பாடம் ஒப்பிக்க எழுந்து நிற்கிற பிள்ளைமாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“எது தப்பு டீச்சர்?”

உதடு எதையோ தேடி அசைந்தது, கிடைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மகா கஷ்டம், இருந்தேன். அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்து அந்த மெல்லிய கம்பியைத் தொட்டுக் காட்டினாள்.

“கடையில போய் அந்த ட்யூனரை வாங்கிட்டு வந்துடட்டுமா?”

வேண்டாம் என்று தலையசைத்தாள். தட்டு என்று கண்ணால் சொன்னாள். தட்டினேன். அவள் உதட்டை மூடியபடியே “ம்ம்” என்று ஒரு சுரத்தைப் பிடித்தாள். கடையில் இருபது முறை கேட்ட சுரம் அது. எனக்கே அடையாளம் தெரிந்தது. என் கம்பி அதற்கு வெகு கீழே எங்கோ உறுமிக்கொண்டிருந்தது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இடது கையை நீட்டித் திருகாணியைப் பிடித்தாள். திருகினாள். சத்தம் இன்னும் கீழே போய்ப் பொதபொதவென்று கம்பி அடித்துக்கொண்டது. எதிர்ப் பக்கம் திருகிவிட்டாள்.

அவள் கை நின்றது. ஒரு கேலி நாக்கின் நுனிவரை வந்தது, வழக்கம்போல. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியையே பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தவள் இப்போது கையை மடியில் போட்டுக்கொண்டால் அதோடு போயிற்று, இனி எந்த வாத்தியத்துக்கும் வாயைத் திறக்கமாட்டாள் என்று அடித்துக்கொண்டது மனசு.

“தப்பு” என்றாள் டீச்சர். இந்த முறை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் கையைப் பார்த்துச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, “திரும்ப.”

தட்டினேன். அவள் மறுபக்கம் திருகினாள். திருகாணி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுற்றியது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் வாய் லேசாகத் திறந்து அந்த ஒரு சுரத்தை விடாமல் பிடித்திருக்க, கீழேயிருந்து கம்பி அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.