அண்ணனுக்கு முன்னால் இருக்கும் சீட்

அந்த வெல்டரை எனக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன்: தேவைக்குமேல் சத்தமாகச் சிரிக்கிறான், எல்லாரையும் "பாஸ்" என்கிறான். உண்மையான காரணம் வேறு. அவன் உட்கார்ந்திருப்பது என் சீட்டில்.

அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. போன் உதவி மையத்தில் வேலை. ஹெட்போனை மாட்டினால் வேலை, கழற்றினால் வீடு, அவ்வளவுதான் அவன் உலகம். அவனை ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கிளப்புக்கு இழுத்துப் போனதே தங்கச்சி நான்தான். அங்கே இரட்டைச் சைக்கிள்கள் உண்டு. முன்னால் பார்வை உள்ளவர், பின்னால் பார்வை இல்லாதவர். பெடல் இரண்டு பேருக்கும். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முன்னால் இருப்பவர் மட்டும். ஒரு சீசன் முழுக்க அண்ணனுக்கு முன்னால் நான்தான் ஓட்டினேன்.

போன வாரம் ஓட்டி முடித்து இறங்கியதும், கிளப்பை நடத்தும் அக்காவிடம் அண்ணன் சாதாரணமாகச் சொன்னான்: "அக்கா, அடுத்த வாரம் எனக்கு வேற ஆளைப் போடுங்க."

பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"ஏண்ணா, நான் ஓட்டுறதுல என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல வாலு. சும்மா மாத்திப் பாப்போமேன்னு."

"மாத்திப் பாக்க நான் என்ன சட்டையா?"

"சட்டைன்னா இப்படிக் கத்தாது."

வாரம் முழுக்க நான் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவன் அதைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை. அதுதான் இன்னும் கடுப்பு.

இந்த ஞாயிறு, நான் வேடிக்கை பார்க்க மட்டும் போனேன். அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன். அண்ணனுக்கு முன்னால் ஓட்ட அந்த வெல்டரைப் போட்டிருந்தார்கள். அவன் காதில் ஏதோ சொல்ல, அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்னோடு வரும்போது ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருக்கிறானா?

கிளப் அக்கா ஓடிவந்தாள். "ஏய், வக்கீலம்மாவுக்கு முன்னாடி ஓட்டுறவர் வரல. நீ ஓட்டுறியா?"

"நான் அண்ணனுக்காகத்தான் கிளப்புக்கே வந்தேன்."

"உங்கண்ணன்தான் கிளம்பிட்டானே."

அவள் கை காட்டிய திசையில் பார்த்தேன். வெல்டரின் முதுகுக்குப் பின்னால் அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனான். நான் ஹெல்மெட்டை வாங்கி மாட்டினேன்.

வக்கீலம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பார்வை போய்ச் சில வருடங்கள்தான் ஆகின்றன. கோர்ட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தவே இல்லை. கிளம்பி முதல் திருப்பத்திலேயே நான் பிரேக் பிடித்தேன்.

"எதுக்கு நின்ன?"

"லாரி திரும்புதுங்க."

"நிக்கிறதுக்கு முன்னாடி சொல்லு. நான் என்ன பின்னாடி கட்டி வச்ச கேஸ் சிலிண்டரா?"

"நான் பாத்துக்கறேங்க, நீங்க கவலைப்படாதீங்க."

"நீ பாப்ப. மிதிக்கிறது நானும்தானே? எனக்குத் தெரிய வேணாமா?"

அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் குறுக்கு விசாரணை. ஏன் மெதுவாப் போற? இடது பக்கம் என்ன சத்தம்? இப்ப ஏன் ஆட்டினே? கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "வேகத்தடை வருதுங்க." "வலது பக்கம் திரும்பறோம்." "மரப்பலகைக் கடை, ரெண்டு பேர் அறுத்துக்கிட்டிருக்காங்க." ஒவ்வொரு முறையும் அவர் கால் என் காலோடு சேர்ந்து வந்தது. சைக்கிள் திடீரென்று லேசாகிவிட்டது.

மேம்பாலத்துக்குக் கீழே அண்ணனின் நீல ஹெல்மெட் தெரிந்தது.

"ஏன் இப்படி விரட்டுற?"

"முன்னாடி எங்கண்ணன் போறான்."

"போகட்டுமே."

"வேற ஒருத்தன்கூடப் போறான்."

"ஓஹோ. கேஸ் புரிஞ்சுபோச்சு. முந்தணுமா?"

"முந்தணும்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! கியரைக் குறை!"

மேட்டில் ஏறினோம். "மேடுங்க, நல்லா அழுத்துங்க! இடது பக்கம் பள்ளம், நான் விலகறேன்... விலகியாச்சு! இப்ப மிதிங்க!" வக்கீலம்மா குழந்தை மாதிரி கெக்கெக்கே என்று சிரித்தார். நாங்கள் தாண்டும்போது அண்ணனின் பேச்சு பாதியில் நின்றது.

பூங்காவில் இறங்கியதும் வக்கீலம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த வாரமும் நீதான். வேற யாரும் வேணாம்" என்றார். நான் "சரிங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் வந்து நின்றான்.

"வாலு. அவங்களுக்குப் பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே சொன்ன."

"ஆமா."

"எனக்கு ஒரு நாளாவது சொல்லிருக்கியா? நீயாத் திருப்புவ, நீயா நிறுத்துவ. உன் முதுகுல மோதினதும்தான் எனக்குத் தெரியும். கேட்டா, 'நான் பாத்துக்கறேண்ணா'ன்னு ஒரு பாட்டு."

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா அழுவ."

அழுதிருப்பேன்.

அண்ணன் ஹெல்மெட் வாரைத் திருகிக்கொண்டே கேட்டான்: "மேட்டுல அவங்க அப்படிச் சிரிச்சாங்களே, என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. மிதிங்கன்னேன்."

"மிதிங்கன்னா யாராவது அப்படிச் சிரிப்பாங்களா?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த பொறாமைக் குரல். மனசுக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"அடுத்த வாரம் எங்கூட வா" என்றான்.

"வக்கீலம்மாவுக்கு ஒத்துக்கிட்டேண்ணா. இப்பதான்."

"ஓ."

"அதுக்கு அடுத்த வாரம் வர்றேன். சொல்லிச் சொல்லி ஓட்டறேன். போதும்னு நீ காதைப் பொத்துற வரைக்கும்."

"பாப்போம்" என்றான் விறைப்பாக. பிறகு திரும்பி, "பாஸ், அடுத்த வாரம் நாமதான். மேட்டுல இந்தப் பொண்ணை முந்த விடக் கூடாது" என்றான் வெல்டரிடம்.

எனக்கு வயிறு எரிந்தது. அண்ணனுக்கும் எரிகிறது என்பதால் கொஞ்சம் தாங்கிக்கொள்ள முடிந்தது.