முகம் திருப்பும் வைத்தியம்

மலையாள தேசத்தில் எங்கள் கரமனைத் தெருவில் பாவாடை கட்டிப் படம் எடுத்துக்கொள்ளாத ஆண் பிள்ளையே கிடையாது. மொட்டை போட்டு முடி போவதற்குள் ஒரு தடவை அழகு பார்த்துவிட வேண்டும் என்று, சவுரி வைத்துப் பின்னி, பூத்தைத்து, சாலைக் கடைவீதி ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் பின்னலும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். அப்படி எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் இன்று பாங்க் மேனேஜர், ஒருவர் பட்டாளத்தில் மேஜர். அடுத்த வீட்டு அனந்தபத்மநாபன் பிள்ளைகுட்டியும் தொப்பையுமாக இருக்கிறான். நான் மட்டும் பாகீரதி ஆனேன்.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் கேசவ். தொண்ணூற்றொன்றில், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பையன் எப்போதும் பெண் பிள்ளைகளோடேயே இருக்கிறான் என்று ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா ராமசுப்ரமணியன் ஊர் வாய்க்குப் பயந்தவர். யாரோ சொன்னதைக் கேட்டு, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மனோதத்துவப் பேராசிரியர் திவாகரப் பணிக்கரிடம் என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

பணிக்கர் வீட்டுப் படங்களைக் கேட்டார். அம்மா லலிதாம்பாள் சூதுவாது தெரியாதவள், ஆல்பத்தையே கொண்டுபோய் நீட்டினாள். பூத்தைத்த படத்தைப் பார்த்ததும் மனிதருக்குப் புதையல் கிடைத்துவிட்டது. பெண் குழந்தைக்கு ஆசைப்பட்டு நீங்களே இவனைப் பெண்ணாக்கிவிட்டீர்கள் என்று அம்மாவிடம் சொன்னார். இது தெருவுக்கே வழக்கம் என்று அம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டில் போய்க் கேட்டிருந்தால் அவர்களும் ஒரு படத்தைக் காட்டியிருப்பார்கள். கேட்டால் இவர் எழுதப்போகும் கட்டுரை என்ன ஆவது?

வைத்தியம் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். ஆராய்ச்சி என்று யாரும் மூச்சு விடவில்லை. ஓர் அறை. ஒரு பக்கம் பொம்மையும் செப்புச் சாமானும், மறுபக்கம் கிரிக்கெட் மட்டையும் துப்பாக்கியும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பணிக்கரும் மாணவர்களும் உட்கார்ந்து எங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா காதில் ஒரு கருவி மாட்டியிருக்கும். நான் செப்பைத் தொட்டால் அதில் உத்தரவு வரும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அழுதாலும் திரும்பக் கூடாது. மட்டையைத் தொட்டால் மட்டும் சிரிப்பாள்.

நான் மக்கு இல்லை. மட்டையை எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அம்மாவின் முகம். அதைப் பணிக்கர் முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டார்.

வீட்டிலும் அதே சட்டம். அம்மா என்னைத் தொடக் கூடாது, எண்ணெய் தேய்த்துவிடக் கூடாது, பிசைந்து கையில் போடக் கூடாது. அவள் கை பட்டால் நான் கெட்டுப்போவேனாம். தட்டை வைத்துவிட்டு அந்தண்டை போய்விடுவாள். அடுக்களையில் அவள் அழுவது கேட்கும். கடைசியில் அப்பாவுக்கே சலித்துவிட்டது. பையன் சரியாகிவிட்டான் என்று போனில் சொல்லி, போவதை நிறுத்தினார். பிற்பாடு பணிக்கர் ஒருமுறை போன் செய்து விசாரித்தபோது, என்ஜினீயர் ஆகிவிட்டான், பெங்களூரில் குடும்பமாக இருக்கிறான் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். நான் அப்போது வீட்டைவிட்டே ஓடி எர்ணாகுளத்தில் ஒரு தையல் கம்பெனியில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா காலமான பிறகு புடவையோடு வந்து வாசலில் நின்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே வா என்றாள். சேர்ந்துதான் இருந்தோம். ஆனால் அவள் என்னைத் தொடவில்லை. பணிக்கரிடம் போவது நின்றதே தவிர, அந்தச் சட்டத்தை நிறுத்தச் சொல்லி அவளிடம் யாரும் வரவில்லை. என்னை இப்படி ஆக்கியது தான்தான் என்று நம்பிக்கொண்டு, தள்ளியே நின்றாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் பணிக்கருக்குப் பாராட்டு விழா என்று பேப்பரில் வந்தது. அம்மா பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றாள். வேண்டாத வேலை என்று சொல்லிப் பார்த்தேன். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். படத்தினால்தானா, வேறு ஏதாவதா, அது தெரிந்தால் போதுமாம்.

ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பணிக்கர் தன் பழைய வேலைகளைப் பற்றி மலையாளத்தில் சுவையாகப் பேசினார். திரையில் ஒவ்வொரு படமாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று நான் வந்தேன். இரண்டு வயது, பட்டுப்பாவாடை, கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை. கண்ணாடியில் பூப்பின்னல் பளிச்சென்று தெரிந்தது. எங்களிடம் கேட்காமல் ஆல்பத்திலிருந்து உருவிக்கொண்ட படம், திருப்பித் தராத படம். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அம்மாக்களைத்தான் குற்றம் சொல்வோம், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது என்றார். ஹாலும் சிரித்தது. ஆனாலும் பையன் தேறிவிட்டான், என்ஜினீயர், குடும்பஸ்தன் என்று முடித்தார். கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தது. அம்மா எழுந்து, டீயும் வடையும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேரே போனாள். நானும் பின்னாலேயே போனேன். பணிக்கருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

"அம்மாமேல தப்பில்லேன்னு எந்த வருஷமாக்கும் தெரிஞ்சுது, டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

யாரோ ஆர்வமாகக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அது ஒரு தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழிலே புத்தகமெல்லாம் மாறிப்போயி, அம்மே. இப்போ ஆரும் அங்ஙனெ பறயாறில்ல." இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லையாம்.

"கரமனைக்கு பஸ் இருக்கே டாக்டர். ஒரு நடை வந்து சொல்லியிருக்கப்படாதோ? சொல்லியிருந்தா நான் இவளைத் தொட்டிருப்பேனே."

இவளை என்றதும் அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது. முகம் ஒரு கணம் வெளுத்தது, மறுகணம் தெளிந்துவிட்டது. அச்சன் போனில் அப்படித்தானே சொன்னார் என்று பழியை இறந்துபோன அப்பா தலையில் கட்டினார். போய்ப் பார்க்காமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். குடும்பஸ்தன் என்று மேடையில் சொன்னதை இப்போதே ஏறி மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். மைக்கைக் கழற்றிவிட்டார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் ஒருநாள் வந்தால் பேட்டி எடுத்துக்கொள்ளலாம், இது முக்கியமான கேஸ், இப்போதெல்லாம் எதிக்ஸ் கமிட்டி உண்டு, முறைப்படி சம்மதம் வாங்கித்தான் செய்வோம் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை.

"என்னை ஒருத்தரும் கேக்கலை" என்றாள் அம்மா. நான் அவளை நகர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மனிதரின் வடைத் தட்டைத் தட்டிவிட்டு வரவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிள்ளிப்பாலம் தாண்டியது. அம்மா என் பக்கம் திரும்பி, மெல்லக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட வந்தாள். நான் சிறு வயதிலிருந்து ஏங்கிக் கிடந்த கை அது. ஆனால் அது கிட்டே வந்ததும் என் முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை. சத்தியமாக நான் திருப்பவில்லை.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போறது, விடு" என்றாள். "நான்தானே கத்துக்குடுத்தேன்."

தப்பு தன்மேல் இல்லை என்று அந்த மனிதர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்த பிறகும், அவள் தன்னைத்தான் குற்றம் சொன்னாள்.