சந்தனம் பூசிய பாய்லர்

1

"பொட்டு வெச்ச சாமியை அழிக்கிறியேடா!"

"சாமியை அழிக்கல மொதலாளி, கண்ணாடியத்தான் தொடைச்சேன்!"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. ஒட்டுக்கேட்கவில்லை. அவர்கள் கத்தினார்கள், நான் காதைப் பொத்தவில்லை. அவ்வளவுதான்.

முதலில் கத்தியவர் தேவநாதன். விழுப்புரத்தில், கோலியனூர் ரோட்டில், என் வீட்டுக்கு எதிரே இருக்கும் அரிசி மில்லின் சொந்தக்காரர். மற்றவன் தென்னரசு, அங்கே பாய்லர் பார்ப்பவன். ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை.

2

(இங்கே "பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில்..." என்று ஒரு தொடக்கம் இருந்தது. எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்கு நிலக்கரி, இரும்பு, நீராவி பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். நான் பார்த்த இங்கிலாந்து எதிர் மில்தான். அடித்துவிட்டேன்.)

படித்ததை வீணாக்குவானேன்? சுரங்கத்தில் தண்ணீர் ஊறியது. அதை இறைக்க நீராவி எஞ்சின். எஞ்சினுக்கு இரும்பு, இரும்பை உருக்க நிலக்கரி, நிலக்கரிக்கு மறுபடி சுரங்கம். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடி, நூல் ஆலைகளையும் ஓட்டின. தேவநாதன் மில்லிலும் அதே கூத்துதான்: உமி எரிந்து நீராவி, நீராவியில் நெல் வேகும், வெந்த நெல்லை உரித்தால் உமி, அது திரும்ப அடுப்புக்கு.

3

பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. பூஜையன்று தேவநாதனின் மகள் வெண்ணிலா அப்பிய சந்தனத்தில் அதுவும் முழுகிப்போனது. தண்ணீர் குறைந்திருப்பது தெரியாமல் தீ போட்டால் வெடிக்கும். தென்னரசு துடைத்தான். தேவநாதன் கிண்ணத்தோடு வந்து மறுபடி பூசினார். இவன் மறுபடி துடைத்தான்.

"தண்ணி அடியில கெடக்குது, பாருங்க!"

"பூஜை போட்ட மிஷினு, ஒண்ணும் ஆவாது! ஜல்தி தீயப் போடு, நெல்லு ஊறிக்கினு கெடக்குது!"

"போட மாட்டேங்க."

"அப்ப வேலைய விட்டுப் போடா!"

வெண்ணிலா வந்து அடுப்பு வாயை மறித்து நின்றாள். "தண்ணி ஏத்தாம யாரும் கிட்ட வரக்கூடாது. நீயுந்தாம்பா."

தண்ணீர் ஏறியது. தென்னரசுக்கு வேலை போனது.

4

முடிவு ஒன்று: பாய்லர் வெடிக்கிறது. (எதிர் வீட்டில் இருப்பது நான். வேண்டாம்.)

முடிவு இரண்டு: தேவநாதன் கண்கலங்கி, தென்னரசின் கையைப் பிடித்து... (அவரை உங்களுக்குத் தெரியாது.)

நடந்தது இது. தென்னரசு திண்டிவனத்தில் வேறொரு மில்லில் சேர்ந்தான். தை மாதம் வெண்ணிலாவும் கல்யாணமாகித் திண்டிவனம் போனாள். அப்பா எப்படி ஒத்துக்கொண்டாரோ? வீட்டிலும் எதையாவது மறித்து நின்றிருப்பாள் என்பது என் யூகம்.

மாப்பிள்ளை யாரென்று கேட்காதீர்கள். தாலி கட்டும் முன் மணையைவிட்டு எழுந்து போய், மண்டபத்துச் சமையற்கட்டில் சோறு வேகவைக்கும் பாய்லரின் கண்ணாடியைப் பட்டுவேட்டி முனையால் துடைத்தவர். பின்னாலேயே போன தேவநாதன் குனிந்து மட்டம் பார்த்தார். நிமிர்ந்தார். மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார்.

மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எனக்கே! அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.