ஏழாம் நம்பர் வண்டி

செங்கல்வராயன் ஏழாம் நம்பர் வண்டியின் பக்கத் தகட்டில் 'குப்பன்' என்று வெள்ளை வர்ணத்தில் எழுதி முடித்தபோது, சாப்பாட்டு மணி அடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கொட்டகையில் ஆள் இல்லை. எல்லோரும் வேப்ப மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். பூந்தமல்லி ஜட்கா வண்டிகளுக்கெல்லாம் முதுகில் மயிலும் தாமரையும் போட்டுப் பேர் எடுத்தவன் அவன். குதிரை துள்ளினாலும் கை துள்ளாது என்பார்கள். அந்தக் கை இன்று நான்கு எழுத்தை இரண்டு தடவை அழித்து எழுதியது. ஈயவெள்ளை முழுதாகக் காய இரண்டு நாள் வேண்டும் என்பது வர்ணம் தொட்டவன் எவனுக்கும் தெரியும். அவனுக்கு இருந்தது முக்கால் மணி நேரம். கடைசி நிமிஷம் வரைக்கும் வாயால் ஊதிப் பார்த்தான், மூடியால் விசிறிப் பார்த்தான். விரல் வைத்தால் ஒட்டியது. வெளியே யாரோ இருமும் சத்தம் கேட்டதும் பச்சை டப்பாவில் பிரஷை முக்கி அந்த நான்கு எழுத்தையும் மூடிவிட்டான்.

மாட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெள்ளையனே வெளியேறு என்ற ஆகஸ்டு கலாட்டாவின்போது, ரயில் பெட்டி ஒன்றில் கரிக்கட்டியால் இரண்டு வார்த்தை எழுதின கலாசி இன்னும் ஜெயிலில் இருந்தான். அவன் எழுதியது பாரத மாதாவுக்கு. இவன் எழுதியது தம்பிக்கு. போலீசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஆவடிப் பட்டாளக் கிடங்கில் பேர் எழுதுவதற்கென்றே சேர்க்கப்பட்டவன் செங்கல்வராயன். சங்கிலிச் சக்கரம் போட்ட சின்னக் கவச வண்டிகள் வந்து நிற்கும். கேரியர் என்று சொல்வார்கள். நம்பர் போட்ட பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைப்பது வெள்ளைக்காரன் பழக்கம். அதிலும் ஒரு கம்பெனி வண்டிக்கெல்லாம் ஒரே எழுத்தில் பேர் தொடங்க வேண்டும். இந்தத் தடவை கேப்டன் கொடுத்த சீட்டில் எட்டுப் பேரும் 'டி' எழுத்தில். செங்கல்வராயனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எழுத்து அவனுக்குப் படம், அவ்வளவுதான். அர்த்தம் சொல்வதற்குக் கிடங்கில் கணக்கெழுதும் ரைட்டர் பரந்தாமன் இருந்தார். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், பேப்பர் படிக்கிறவர், கேட்காவிட்டாலும் சொல்கிறவர்.

"மொதல்ல கீறது டைகர், புலி. அடுத்தது தண்டர், இடி. ஏயாம் நம்பருக்கு டெரர். அப்டின்னா பயங்கரம்" என்றார் பரந்தாமன், சீட்டைத் தூரப் பிடித்துக்கொண்டு. "இதெல்லாம் ஒரு கணக்குப்பா. இங்கிலீஷ்காரன் ஏரோப்ளேனுக்குப் புயல், சூறாவளின்னு வெப்பான். அமெரிக்காக்காரன் டாங்கிக்கு அவனோட பழைய ஜெனரலுங்க பேரு. ஜெர்மன்காரன் புலி, சிறுத்தை. ஜப்பான்காரன் ஏரோப்ளேன் பேரு வெள்ளைக்காரன் வாயில நொழையலன்னுட்டு, இவங்களே அதுக்கும் பேரு வெச்சிட்டாங்க. சண்டை ப்ளேனுக்கு ஆம்பள பேரு, குண்டு போடறதுக்குப் பொம்பள பேரு."

"எதிரிக்கும் இவங்கதான் பேரு வெக்கறாங்களா ரைட்டரே?"

"பின்ன? கூப்ட ஒரு பேரு வோணுமில்ல."

"சாவக்கூடாதுன்னு யாரும் பேரு வெக்கறதில்லியா?"

பரந்தாமன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "யுத்தத்துக்கு அனுப்பறது எதுக்குன்னு நென்ச்ச நீ?" என்று சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

சாவக்கூடாதென்று பேர் வைத்த வீடு ஒன்று பட்டாபிராமில் இருந்தது, செங்கல்வராயன் வீடுதான். அவனுக்குப் பிறகு அம்மா வேம்புலியம்மாளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு ஆறு மாதம்; ராஜகோபால் என்று பேர் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. அதற்குப் பிறகு பிறந்ததை முறத்தில் கிடத்தித் தெருக்கோடிக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்து வீட்டு சொர்ணம் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, ஒரு படி தவிட்டுக்கு அம்மாவிடமே விற்றாள். குப்பையில் கிடந்ததை எமன் எதற்குத் தூக்கப்போகிறான்? குப்பன் என்று பேர் வைத்தார்கள். அம்மை வந்தது, விஷக்காய்ச்சல் வந்தது, ஏரியில் விழுந்து எழுந்தான். ஒன்றும் அவனைத் தொடவில்லை. செங்கல்வராயனின் டப்பாக்களுக்கு நடுவே வளர்ந்து, அவனுக்கு வர்ணம் குழைத்துக் கொடுத்து, ஆறடி ஆளாகி, பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் வரிசையில் நின்றான். பேர் என்ன என்று கேட்டார்கள். முன்னால் நின்றவன் வீரசிங்கம், பின்னால் நின்றவன் ராஜமாணிக்கம். வாய் வரைக்கும் வந்த குப்பனை விழுங்கிவிட்டு, திருவள்ளூர்ப் பெருமாள் பேரைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் டிரைவர் வீரராகவன்.

போன ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னான். வியாழக்கிழமை பட்டாபிராம் சைடிங்கில் ரயில் ஏறுகிறார்கள். ஜப்பான்காரன் மணிப்பூர் வரைக்கும் வந்துவிட்டான். தனக்கு ஏழாம் நம்பர் வண்டி. அம்மாவுக்கு மணிப்பூர் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அவள் கேட்டது வேறு.

"பேர மாத்திக்கினியா?"

"இன்னாம்மா நீ. ஒரு பட்டாளத்தான் குப்பன்னு சொல்லிக்கினு திரிவானா? சிரிப்பானுங்க."

"சிரிச்சிட்டுப் போவட்டும்டா."

அவன் கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அம்மா எச்சில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு பெரியவனிடம், வண்டிக்கு என்ன பேர் எழுதப்போகிறான் என்று கேட்டாள். சொன்னான்.

"பயங்கரம்னு எய்தி வெச்சா எதிரி மொதல்ல அத்தத்தானேடா சுடுவான்? ஆளுக்கும் சாமி பேரு, வண்டிக்கும் பயங்கரம்னு பேரு. எமன் எத்தப் பாத்துட்டு ஒதுங்கிப் போவான்?" அழவில்லை அவள். குரல் ஏறவும் இல்லை. "உன் கையிலதானே பிரஷ் கீது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் இந்த வேலை. பச்சைக்கு அடியில் குப்பன், அதற்கு மேல் மறுநாள் காலையில் கேப்டன் கேட்ட டெரர். எமனுக்குத் தெரிந்தால் போதும், கேப்டனுக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். வெயில் என்று ஒன்று இருப்பதைத்தான் மறந்துபோனான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் சைடிங்கில் தண்டவாளம் கண்ணைக் கூசவைத்தது. எட்டு வண்டிகளையும் ரயிலின் தட்டை வாகன்களில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். சிராய்ப்பு ஏதாவது இருந்தால் தொட்டுவைக்க வர்ண டப்பாவோடு செங்கல்வராயனை வரச் சொல்லியிருந்தார்கள். தம்பி தன் வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றான். அண்ணனைப் பார்த்ததும் ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினான். டெரர் என்ற எழுத்து அவனுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. தோளை அதற்கு நேராக வைத்துக்கொண்டு நின்றான்.

செங்கல்வராயன் பார்த்தது தகட்டை. பச்சை வர்ணத்தின் தோல் ஓரிடத்தில் பாலாடை போலச் சுருங்கியிருந்தது. அடியில் ஈரமாக இருந்த வெள்ளை, இரும்பு சுடச்சுட, மேல் வர்ணத்தைப் புடைத்துக்கொண்டு கிளம்பியிருந்தது. முதலில் ஒரு சுழி. பிறகு ஒரு கால். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்த கேப்டன் மூன்றாவது வண்டிக்கு வருவதற்குள் புள்ளிகூடத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் உடம்பால் மறைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தான். கால் வரவில்லை.

கேப்டன் ஏழாம் வண்டியின் முன் நின்றார். கைத்தடியால் அந்தப் புடைப்பின் மேல் ஒரு தடவை கோடு இழுத்தார். பச்சை உரிந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. அவர் ஏதோ கேட்டார். மறுபடி கேட்டார், இந்தத் தடவை சத்தமாக. ஹவில்தார் வந்து செங்கல்வராயனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இது இன்னா எழுத்துன்னு கேக்கறாரு" என்றார் சீட்டோடு கேப்டனுக்குப் பின்னால் நின்ற பரந்தாமன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "எதிரிக்கு ஏதாச்சும் அடையாளமான்னு கேக்கறாரு. இன்னா பண்ணி வெச்சிகீற நீ? இத்த நான் படிச்சிச் சொல்லட்டா, வோணாமா?"

தம்பி பேர் என்று சொன்னால் அவன் ரிஜிஸ்டரில் பொய்ப் பேர் கொடுத்த கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் தனக்கு விலங்கு. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, அதுவும் உதவவில்லை. செங்கல்வராயன் தரையைப் பார்த்தான்.

பரந்தாமன் தயங்கித் தயங்கிப் படித்தார். "குப்பன்."

வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தான். கேப்டன் திரும்பியதும் சிரிப்பு நின்றது. குப்பன் என்பது யார், இங்கே யாராவது இருக்கிறானா என்று அவர் கேட்டார். பரந்தாமன் அதைத் தமிழில் சொன்னார். அதுவரை நேரே பார்த்துக்கொண்டிருந்த வீரராகவனின் தாடை அசைந்தது. அவன் எதிர் வாகனைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அண்ணனின் மணிக்கட்டை ஹவில்தார் பிடித்திருந்ததைப் பார்த்தான். எஞ்சின் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் வாயைத் திறக்கமாட்டான் என்றே செங்கல்வராயன் நினைத்தான். திறக்காமல் இருந்தால் அதற்காக அவனைக் கோபிக்கவும் முடியாது.

"நான்தான் சார்."

பரந்தாமன் அதை இங்கிலீஷில் சொன்னார். உன் பேர் வீரராகவன் இல்லையா என்று கேள்வி வந்தது.

"அது பட்டாளத்துப் பேரு. இது ஊட்ல வெச்ச பேரு. பெத்தவங்க வெச்சது."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேப்டன் கேட்டார். சீட்டில் புலிக்கும் இடிக்கும் அர்த்தம் பார்த்துப் பேர் வைத்தவர், கேட்காமல் இருப்பாரா? தம்பி வரிசையைப் பார்த்தான். முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குப்பை சார். குப்பையில போட்டு எடுத்த புள்ள."

இந்தத் தடவை சிரிப்பு அடங்கவில்லை. வரிசை முழுக்க ஓடியது. கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு எவனாவது அப்படிப் பேர் வைப்பானா என்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சுரண்டி எடுத்துவிட்டு அடிக்கச் சொல், பத்து நிமிஷம், மேலே பேர் எழுத நேரமில்லை, போன இடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எட்டாவது வண்டிக்குப் போனார். ஹவில்தார் கையை விட்டான். மணிக்கட்டில் விரல் அச்சு சிவப்பாக இருந்தது.

செங்கல்வராயன் வாகன் மேல் ஏறினான். தம்பி அவனைப் பார்க்காமலே பேசினான்.

"மானத்த வாங்கிட்டியே அண்ணாத்தே. வண்டி போய்ச் சேர்ற வரைக்கும் இத்தச் சொல்லித்தான் கூப்டுவானுங்க."

"கூப்டட்டும் நைனா. நீ அதுக்கு ஏன்னு கேளு, போதும்."

அண்ணன் டப்பாவைத் திறந்தான். பிரஷை எடுத்தான். பச்சையில் முக்கினான்.

"கத்தி எங்க?" என்றான் தம்பி. சின்ன வயதிலிருந்து அந்த டப்பாக்களோடு வளர்ந்தவன். ஈர வர்ணத்தைச் சுரண்டாமல் மேலே அடித்தால் நிற்காது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எடுத்தார மறந்துட்டேன்."

சுரண்டும் கத்தியின் மரப்பிடி அண்ணனின் தகரப் பெட்டியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். தம்பி பூட்ஸ் காலால் பெட்டியின் மூடியை மெல்லத் தள்ளி மூடினான்.

டெரரும் சேர்த்து மறையும்படி தகடு முழுக்கப் பச்சை அடித்துவிட்டுச் செங்கல்வராயன் இறங்கியபோது விசில் ஊதிவிட்டது. வாகன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. புலி போயிற்று, இடி போயிற்று. ஏழாம் நம்பர் மட்டும் பேரில்லாமல், ஈரம் மின்னிக்கொண்டு போயிற்று. தம்பி அதன் மேல் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. வெயில் நேரே தகட்டில் அடித்தது. ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள், பச்சையின் இடது ஓரத்தில் ஒரு சுழி மெதுவாக வீங்கத் தொடங்கியிருந்தது.